கர்மேல் காட்டில் ஒரு சனிக்கிழமை



கர்மேல் என்று சொன்னவுடனே நம்முடைய சபைகளில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அக்கினிதான். ஊழியத்துக்கு வந்த நாள் முதல் 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று நான் கணக்கு வைத்ததில்லை. உபவாசக் கூட்டங்களில், வாலிபர் முகாம்களில், முழு இரவு ஜெபங்களில், உண்மையைச் சொன்னால் வேறு செய்தி ஆயத்தமாகாத நாட்களிலும் எனக்குக் கைகொடுத்த பகுதி அது. இத்தனை முறை பிரசங்கித்தும் கர்மேல் ஒரு காடு என்பது எனக்குத் தெரியாது. வேதாகமக் கல்லூரியின் வகுப்பறைச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அது மத்தியதரைக் கடலை நோக்கி நீண்டிருக்கும் ஒரு பழுப்பு நிறக் கோடு. என் மனதிலோ அது ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒரு பலிபீடம், ஒரு காளை, நானூற்றைம்பது பாகால் தீர்க்கதரிசிகள், அவ்வளவே. கர்மேலின் கொடுமுடியில் ஒளிந்துகொள்ளுகிறவர்களைப் பற்றி ஆமோஸ் 9-ஆம் அதிகாரத்தில் பேசுகிறார். மொட்டைப் பாறையில் யார் போய் ஒளிந்துகொள்வார்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

2019 மார்ச் மாதத்தில், எங்கள் சபையிலிருந்தும் மும்பையிலுள்ள வேறு சில தமிழ்ச் சபைகளிலிருந்தும் நாற்பத்திரண்டு பேர் பரிசுத்த தேசப் பயணம் சென்றோம். ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் எங்கள் பேருந்து கர்மேல் மலைத்தொடரின் தென்கிழக்கு முனையிலுள்ள முஹ்ரகாவுக்கு ஏறியது. முஹ்ரகா என்ற அரபுச் சொல்லுக்கு எரிக்கப்பட்ட இடம் என்று பொருள். எலியாவின் பலிபீடம் அங்கே இருந்ததாகப் பாரம்பரியம் சொல்லுகிறது. கர்மேல் துறவியரின் மடம் ஒன்று அங்கே இருக்கிறது. முற்றத்தில், பட்டயத்தை ஓங்கி நிற்கும் எலியாவின் கற்சிலை. அதன் முன் நின்று புகைப்படம் எடுக்கலாமா கூடாதா என்று எங்கள் குழுவில் ஒரு சிறு வாக்குவாதமே நடந்தது. நான் "எடுக்கலாம், ஆனால் கை கூப்ப வேண்டாம்" என்று தீர்ப்புச் சொன்னேன். பிறகு எல்லாரும் மாடியின் மேல்தளத்துக்கு ஏறினோம். கீழே யெஸ்ரயேல் சமவெளி பச்சைக் கம்பளமாய்க் கிடந்தது. தூரத்தில் தாபோர் மலை, அடிவாரத்தில் கீசோன் ஆற்றின் வளைவு. அங்கே பத்து நிமிடம் அக்கினியைக் குறித்துப் பேசினேன். சகோதரிகள் கண்ணீரோடு ஜெபித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கீழே இருந்த சிற்றாலயத்துக்குள் நாங்கள் யாரும் போகவில்லை. அது நம்முடைய இடமல்ல என்று எண்ணினேன்.

அன்று இரவு நாசரேத்தில் விடுதி அறையில் இருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. "ஐயா, ஸ்தோத்திரம். நீங்கள் வந்திருப்பதாக ஊரிலிருந்து சொன்னார்கள்" என்றது ஒரு குரல். யார் என்று தெரிந்தவுடன் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

அந்தத் தம்பியின் பெயரை இங்கே எழுதவில்லை. தாராவியில் வளர்ந்தவர், பெற்றோர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். 2015 முதல் ஹைஃபா நகரத்தில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். இந்தியாவிலிருந்து, விசேஷமாகக் கேரளத்திலிருந்து, இப்படிப்பட்ட வேலைக்கு அங்கே சென்றிருப்பவர்கள் அநேகர். வாரத்தில் ஒருநாள் அவர்களுக்கு ஓய்வு. "சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மலையில் கொஞ்சம் நடக்கலாமா ஐயா? பேருந்தில் பார்த்தால் கர்மேலைப் பார்த்ததாகாது" என்றார். சனிக்கிழமை எங்கள் குழுவுக்கும் ஓய்வுநாள்தான். என் மனைவி ஒலிவமரச் சாமான்கள் வாங்கத் திட்டமிட்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் தூங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. 2011-இல் எங்கள் சபை பிரிந்தது. கட்டிட நிதியைக் குறித்து எழுந்த கேள்வியில் தொடங்கிய காரியம். கணக்கில் தவறு எதுவும் இருக்கவில்லை; ஆனால் கணக்குக் கேட்டதே எனக்குத் தவறாகத் தெரிந்தது. எனக்கு உதவி ஊழியராக இருந்தவரோடு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் புறப்பட்டுப் போய், இரண்டு தெரு தள்ளி வாடகைக் கூடத்தில் ஆராதிக்கத் தொடங்கினார்கள். இந்தத் தம்பியும் அவர்களில் ஒருவர். அவருடைய தாயார் மட்டும் எங்களோடு தங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கர்மேல் செய்தியைப் பிரசங்கித்தேன். யார் கர்த்தருடைய பக்கம், யார் பாகாலின் பக்கம் என்று கேட்டேன். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தத் தாயார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பல ஆண்டுகளாகப் புதன்கிழமை உபவாசம் முடிந்தவுடன் எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுவந்த கை அவருடையது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போனவர் அதன் பிறகு வரவில்லை. 2014-இல் அவர் நித்திரையடைந்தார். அடக்கத்துக்கு வரும்படி என்னை அழைத்தார்கள். "இப்போது உங்களுக்கு வேறு ஊழியர் இருக்கிறாரே" என்று தொலைபேசியில் சொன்னேன். அன்று நான் மும்பையில்தான் இருந்தேன். வீட்டில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை அதிகாலையில் நாசரேத்தூர் அரபுக் கிறிஸ்தவர் ஒருவருடைய வாடகைக் காரில் ஹைஃபாவுக்குப் புறப்பட்டேன். நாற்பது கிலோமீட்டர் அளவுதான். மலையின்மேல் உயர்ந்த கோபுரம்போல் நிற்கும் ஹைஃபா பல்கலைக்கழகத்தின் அருகே அந்தத் தம்பி காத்திருந்தார். மெலிந்திருந்தார், நெற்றியோரத்தில் நரை. "ஐயா, ஷூ வழுக்குமே" என்றார் முதல் வார்த்தையாக. நான் பிரசங்க மேடைக்குப் போடும் கறுப்புத் தோல் ஷூவோடு வந்திருந்தேன்.

அந்தப் பகுதிக்குச் சிறிய ஸ்விட்சர்லாந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனி இல்லை, பெரிய சிகரமும் இல்லை. கர்மேலின் உச்சியே 546 மீட்டர்தான், நம் உதகமண்டலத்தில் கால் பங்குகூட இல்லை. பச்சையைக் கண்ட சந்தோஷத்தில் வைத்த பெயர் போலும். பாதை கேலாக் என்னும் ஓடையின் வழியே இறங்குகிறது. பாறைகளிலும் மரங்களிலும் சிறு வர்ணக் கோடுகள். வெள்ளை, நடுவே ஒரு நிறம், மறுபடியும் வெள்ளை. அந்த அடையாளத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தால் வழி தப்பாது. சில இடங்களில் சுண்ணாம்புப் பாறையைக் கையால் பிடித்து இறங்க வேண்டியிருந்தது. அந்த இடங்களில் எல்லாம் தம்பி முன்னே இறங்கி, திரும்பி நின்று, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார்.

காடு என்றால் நமக்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் காடுதான் மனதில் வரும். வானத்தை மறைக்கும் மரங்கள், ஈரம், அட்டை. இது வேறு. தலைக்குச் சற்று மேலே நெருங்கிப் பின்னிய சிறு மரங்களும் புதர்களும். அதிகம் நிற்பது கர்வாலி மரம். அப்சலோமின் தலை சிக்கிக்கொண்ட மரம் என்று நாம் வேதத்தில் வாசிக்கும் அதே இனத்தைச் சேர்ந்தது. இலை நம் சுண்டுவிரல் நீளம். தடித்து, ஓரத்தில் முள்ளோடு இருக்கிறது. இத்தனை சிறிய இலை ஏன் என்று கேட்டேன். கோடை மாதங்களில் அங்கே மழை இல்லை என்றே சொல்லலாம். பெரிய மெல்லிய இலை வைத்தால் வெயில் காலத்தில் மரம் தன் ஈரத்தையெல்லாம் இழந்து செத்துவிடும் என்றார். செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதுபோல் சிவந்த வழுவழுப்பான தண்டுள்ள ஒரு மரமும் நின்றது. அரபியில் அதற்குக் கத்லப் என்று பெயராம். பாறை இடுக்குகளில் இளஞ்சிவப்புச் சைக்ளமென் பூக்கள், இதழ்களைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு காற்றுக்கு எதிரே நிற்பவைபோல் நின்றன. திறந்த வெளிகளில் சிவப்பு அனிமோன். நம் ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சுட்டிக்காட்டிய காட்டுப்பூ இதுவாகவே இருக்கலாம் என்று அறிஞர் பலர் எண்ணுகிறார்கள் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்தது அன்றுதான் கண்ணுக்கு வந்தது.

வழியில் மேற்கே கடலிலிருந்து ஒரு மேகம் ஏறி வந்து கால்மணி நேரம் தூறியது. நான் குடையைத் தேடினேன். தம்பி சிரித்து, "ஐயா, இதுதான் பின்மாரி" என்றார். நான் அப்படியே நின்றுவிட்டேன். முன்மாரி, பின்மாரி என்று நாம் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்! அக்டோபர், நவம்பரில் வறண்ட நிலத்தை இளக்கி விதைக்க வைப்பது முன்மாரி. மார்ச், ஏப்ரலில் கதிர் முற்றுவதற்கு முன் பெய்வது பின்மாரி. ஜூனில் தொடங்கி 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்க்கும் மும்பை மழையில் வாழும் நமக்கு அது வெறும் பிரசங்கச் சொல். கர்மேலின் மேட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர்தான். அதிலும் கடைசித் தூறல் தவறினால் பயிர் பதராகிவிடும். என் வெள்ளைச் சட்டை நனைந்தது. அதைக் குறித்து என் மனைவி பிறகு சொன்னதை எழுத வேண்டியதில்லை.

ஓடை அகன்ற ஓரிடத்தில் கரும்பச்சை இலைகளோடு ஒரு பெரிய மரம். அதன் அடியில் போன பருவத்துக் காய்கள், நம் புளியங்காயைப்போல் வளைந்து, கறுத்து, உலர்ந்து கிடந்தன. தம்பி ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். கடித்தேன். கருப்பட்டியும் மரத்தூளும் கலந்ததுபோல் ஒரு இனிப்பு. அரபியில் கரூப், ஆங்கிலத்தில் கரோப் என்றார். எனக்குக் கிரேக்க வகுப்பு நினைவுக்கு வந்தது. லூக்கா 15-இல் இளைய குமாரன் பன்றிகளின் ஆகாரத்தால் வயிற்றை நிரப்ப ஆசைப்பட்டான் அல்லவா? நம் மொழிபெயர்ப்பில் தவிடு என்று இருக்கும் அந்த இடத்தில் மூலச் சொல் இந்த மரத்தின் காயைத்தான் குறிக்கிறது. இதைச் சொன்னேன். "ஐயா, ஹைஃபா தெருவில் காட்டுப்பன்றிகள் இரவில் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கின்றன. இளைய குமாரன் இங்கேதான் எங்கேயோ இருந்திருப்பான்" என்றார் தம்பி. இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த உவமையில் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வயலோரத்தில் நின்றுகொண்டவன் இளையவன் அல்ல. காயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு மேலேறி, காரில் தெற்கே பெய்த் ஓரேன் பக்கம் போனோம். பைன் மர வீடு என்பது அந்தப் பெயரின் பொருள். அங்கே காடு சட்டென்று மாறியது. நெருக்கமாய், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, நாற்றங்காலில் விட்ட நாற்றுபோல் இளம் பைன் மரங்கள். இடையிடையே கறுத்த பட்டுப்போன தண்டுகள். சாலையோரத்தில் நாற்பத்துநான்கு பேருக்கான நினைவிடம்.

2010 டிசம்பர் 2-ஆம் தேதி இந்த மலையில் தீப்பிடித்தது. அந்த ஆண்டு முன்மாரி தவறியிருந்தது. நவம்பர் முடிந்தும் காடு சருகாய்க் கிடந்தது. ஒரு சிறுவன் அலட்சியமாக எறிந்த கனல்தான் காரணம் என்று காவல்துறை கூறியது. மலையிலிருக்கும் தாமோன் சிறையில் அடைபட்டிருந்தவர்களை வெளியேற்ற உதவும்படி, சிறைத்துறையில் பயிற்சி பெற்றுவந்த அதிகாரிகள் ஒரு பேருந்தில் விரைந்து வந்தார்கள். காற்றுத் திரும்பி, தீ அந்தப் பேருந்தைச் சூழ்ந்துகொண்டது. மரித்த நாற்பத்துநான்கு பேரில் பெரும்பாலோர் அவர்களே. யூதரும் துரூசியரும் அதில் உண்டு. தீயணைக்க வந்த ஒரு பதினாறு வயது மாணவனும், ஹைஃபா நகரக் காவல்துறைத் தலைவியும் மாண்டார்கள். துருக்கி, கிரேக்கம், ரஷ்யா, அமெரிக்கா என்று பல தேசங்களின் விமானங்கள் வந்து நான்காம் நாளில்தான் தீயைக் கட்டுப்படுத்த முடிந்தது. எங்கள் ஓட்டுநர் காரை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். அந்தப் புகை தங்கள் ஊர்வரை தெரிந்தது என்றார்.

அக்கினி இறங்கட்டும், அக்கினி இறங்கட்டும் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கூவியவன் நான். தேவனுடைய அக்கினியும் காட்டுத்தீயும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அதைக் குறித்து வாசகர் யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஆனாலும் அந்தப் பெயர்களுக்கு முன்னால் நின்றபோது, 2011-இல் என் மேடையிலிருந்து போனது எந்த அக்கினி என்ற கேள்வி வந்தது.

தம்பி கொஞ்சம் தள்ளி ஒரு கர்வாலிப் புதரின் அருகே குனிந்து என்னை அழைத்தார். புதரின் நடுவே பழைய அடிமரம், கரியாக. அதைச் சுற்றி வேரிலிருந்து எழும்பிய எட்டு, பத்துத் தண்டுகள். "பைன் வேறு, கர்வாலி வேறு ஐயா. பைன் எரிந்தால் அந்த மரம் செத்துவிடும். ஆனால் சில காய்களைப் பிசின் வைத்து மூடிப் பல வருஷம் பத்திரமாக வைத்திருக்கும். தீயின் சூட்டில்தான் அது திறக்கும். சாம்பலில் விழுந்த விதை முதல் மழையில் முளைக்கும். கர்வாலிக்கு அது தேவையில்லை. மேலே எல்லாம் எரிந்தாலும் வேர் உயிரோடு இருக்கும். சில வாரத்திலேயே துளிர்த்துவிடும்."

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் பராமரித்த வயோதிபர் சொன்னதாம். ருமேனியாவிலிருந்து வாலிபனாக வந்திறங்கிய அவர், 1950-களின் தொடக்கத்தில் வேறு வேலை இல்லாததால் நாள் கூலிக்கு இந்த மலைகளில் பைன் கன்று நட்டவர். தீ எரிந்த நான்கு நாளும் மாடி முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். பின்பு எல்லாரும் புதுக் கன்று நட வேண்டும் என்று துடித்தபோது, வேண்டாம், அது தானாக வரும், பொறுங்கள் என்று அவர் சொன்னாராம். வன அதிகாரிகளும் பெரும்பாலும் அப்படியே செய்தார்கள். மலையைத் தன் போக்கில் துளிர்க்கவிட்டு, அளவுக்கு மிஞ்சி நெருங்கிய பைன் நாற்றுகளைக் களைந்துவிடுவதே வேலையாயிற்று. நெருக்கமாக நட்ட பைன் தோப்புதான் அடுத்த தீக்கு விறகு.

ஏசாயா 6-ஆம் அதிகாரம் நமக்கு மனப்பாடம். சேராபீன்கள், நெருப்புத்தழல், தீர்க்கதரிசியின் அர்ப்பணிப்பு. எட்டாம் வசனத்தில் செய்தியை நிறுத்தி அழைப்புக் கொடுத்துவிடுவோம்; நானும் அப்படித்தான். அதே அதிகாரத்தின் கடைசி வசனம் கர்வாலி மரத்தின் அடிமரத்தைக் குறித்தது. இலையெல்லாம் போனபின்பும் அதில் மீந்திருப்பதைப் பரிசுத்த வித்து என்று கர்த்தர் சொல்லுகிறார். அந்தக் கரிந்த கட்டையின்மேல் கை வைத்தேன். விரலில் இன்னும் கரி ஒட்டியது.

"தம்பி, அம்மாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை" என்றேன்.

அவர் நிமிரவில்லை. ஒரு துளிரைத் தடவிக்கொண்டே, "தெரியும் ஐயா. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தோம்" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. குற்றம் சாட்டியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். பதில் சொல்ல என்னிடம் வசனம் இருந்தது, வாய் வரவில்லை. மன்னித்துவிடு என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னேன். அவர் என்னை எழுப்பிவிடக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தோம்.

திரும்பும் வழியில் துரூசியர் கிராமமான தாலியத் அல்-கர்மேலில் சாலையோரம் நிறுத்தி, மெல்லிய ரொட்டியில் புளித்த பாலாடையைத் தடவிச் சுருட்டித் தந்ததைச் சாப்பிட்டோம். பின்பு மறுபடியும் முஹ்ரகா. இந்த முறை மேல்தளத்துக்கு ஏறவில்லை. தம்பி சிற்றாலயத்தின் கதவருகே செருப்பைக் கழற்றுவதுபோல் ஒரு கணம் தயங்கி உள்ளே போனார். நானும் பின்னே போனேன். உள்ளே யாரும் இல்லை. வெறுமையான சிறு அறை. முன்னால் பன்னிரண்டு கற்களை வைத்துக் கட்டிய ஒரு பலிபீடம். செதுக்கப்படாத சாதாரணக் கற்கள்.

அந்தக் கற்களை நான் எண்ணினேன். எலியா பன்னிரண்டு கற்களை எடுத்தார் என்று நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். எலியா நின்ற தேசத்தில் அப்போது பன்னிரண்டு கோத்திரங்கள் இல்லை. சாலொமோன் மரித்தபின் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்து ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகாபின் கீழ் பத்து. யூதா எருசலேமில் வேறு ராஜாவின் கீழ். பத்துக் கற்கள் போதுமே? பிரிந்துபோனவர்களுக்கு இரண்டு கற்களை அவர் ஏன் எடுத்தார்? யார் கர்த்தருடைய பக்கம் என்று முழங்கிய அந்த மனிதன், இடிந்துபோன பலிபீடத்தைச் செப்பனிட உட்கார்ந்தபோது, தன்னோடு இல்லாதவர்களையும் எண்ணிக் கல் பொறுக்கியிருக்கிறார். அக்கினி இறங்கியது அதற்குப் பிறகு. 2011-இல் நான் பிரசங்கித்த பக்கத்திலேயே, சில வசனம் தள்ளி, இது இருந்தது.

மும்பைக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில், பிரிந்துபோன அந்த உதவி ஊழியரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு தேநீர் வந்தது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். மேடையிலிருந்து பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "பார்க்கலாம் ஐயா" என்றார். சபைகள் ஒன்றாகிவிட்டன என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆகவில்லை. இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் சபைக்கு முன்பாக 2011-ஆம் ஆண்டுச் செய்தியைத் திரும்பப் பெற்றபோது, மூத்த விசுவாசிகள் இருவர் என்மேல் வருத்தப்பட்டார்கள். ஒருவர் இன்னும் வருத்தத்தில்தான் இருக்கிறார். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் அந்தச் சபையில் இருவர் மரித்தபோது அவர்களுடைய ஊழியரும் நோயில் கிடந்தார். அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் போனேன்.

ஹைஃபாவின் அந்த வயோதிபர் 2022-இல் காலமானார். தம்பி ஊர் திரும்பி, 2023 ஜனவரியில் மும்பைக்கு வந்தார். இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். இந்த நகரத்தில் வாழும் வாசகர்களுக்குத் தெரியும். இடம் இல்லாததால் சில ஆண்டுகளுக்குப் பின் அதே குழியில் வேறொருவரை வைத்துவிடுவார்கள். மதில் ஓரத்துத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஏழாவது என்று எண்ணி அவர் நின்ற இடத்தில் இப்போது ஒரு மராத்தியக் குடும்பத்துப் பெரியவரின் பெயர் இருந்தது. மண்ணில் புதிதாகச் செவ்வந்தி வைத்திருந்தார்கள்.

"இங்கேதான் ஐயா" என்றார் தம்பி.

வேதாகமத்தைத் திறந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்திருக்க வேண்டிய ஜெபத்தை, முகம் தெரியாத ஒருவருடைய பெயருக்கு முன்னால் நின்று செய்தேன். அந்தக் குடும்பத்துக்காகவும் ஜெபிக்கச் சொன்னார் தம்பி. ஜெபித்தேன்.